தெர்மாமீட்டர் அண்ணன் போட்ட அரைப்பேர்

அன்றைக்குத் தேயிலைத் தோட்ட வரிசை வீட்டின் அந்தக் காம்பராவில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். தெர்மாமீட்டர் அண்ணன், அவர் மனைவி சரோஜா அக்கா, ஹட்டன் டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் நானா, குற்றவாளியாக நான், அப்புறம் நாலு பேசின்களில் ஐம்பத்தெட்டுக் குஞ்சுகள். குஞ்சுகளையும் ஆள் கணக்கில் சேர்ப்பது அண்ணனிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

இந்த மலைநாட்டிலேயே தண்ணீரைத் தொட்டுப் பார்க்காமல் அளந்து பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அங்கே கழித்துப் போட்ட தெர்மாமீட்டர் ஒன்று எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும். கடையில் தேத்தண்ணி வாங்கினால் அதில் முக்குவார். கோயிலில் தீர்த்தம் கொடுத்தால் அதிலும் முக்குவார். நான் காய்ச்சலில் கிடந்தபோது பார்க்க வந்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவர் வளர்த்தது அக்ஸலோட்டல். மீனும் இல்லை, பல்லியும் இல்லை. நாலு கால், ஒரு வால், கழுத்தின் இரண்டு பக்கமும் தழை போலச் செவுள், யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்தபடியே நின்றுவிட்ட வாய். கொழும்பில் இதை வளர்க்கத் தண்ணீரைக் குளிராக்கும் மெஷின் வாங்க வேண்டுமாம். நமக்குத்தான் பீலிக் குழாயில் தண்ணி மலையிலிருந்து ஏசி போட்டு இறங்குகிறதே என்பார்.

முதல் தடவை முட்டையிட்டபோது பெற்றவர்களையே காவலுக்கு விட்டார். மறுநாள் முட்டையைக் காணோம். பெற்றவர்களின் வயிறு மட்டும் பெருத்திருந்தது. இரண்டாம் தடவை முட்டைகளைத் தனியே எடுத்துப் பொரிக்க வைத்தார். வெளியே வந்த குஞ்சுகளுக்கு அவித்த மஞ்சள் கருவைப் போட்டார். அசையாத பொருள் எதையும் அவை சாப்பாடு என்று மதிக்கவில்லை. கரு கெட்டு, தண்ணீர் நாறி, குஞ்சுகள் அத்தனையும் மிதந்தன. அன்றுதான் சரோஜா அக்கா தீர்ப்புச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி செத்துச்சுன்னா தொட்டியக் கவுத்துக் கோழி அடைச்சிருவேன். நான் சொன்னா செய்வேன்னு ஒங்களுக்குத் தெரியும்."

அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். அவருடைய ரேடியோ இருந்த பெட்டியில் ஏற்கெனவே இரண்டு கோழிகள் குடியிருந்தன.

மூன்றாம் தடவை மனிதர் தூங்கவே இல்லை எனலாம். மரக்கறித் தோட்டத்துக் குட்டையில் துணியால் அரித்துத் தண்ணிப்பூச்சி கொண்டுவந்தார். குஞ்சுகள் ஓடிப் பிடித்துத் தின்றன. பெரியது சின்னதைக் கடிக்காமலிருக்கத் தேயிலை பிரிப்பதுபோல அளவு பார்த்துப் பேசின் பேசினாகப் பிரித்தார். காலையில் இவர் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவற்றுக்குப் பெரட்டு நடக்கும். பழைய செக்ரோல் கொப்பியில், தோட்டத்து வருகைப் பதிவில் போலவே, ஒவ்வொன்றுக்கும் பேர் போடுவார். அப்படியும் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருப்பதன் காலைக் கடித்துவிடும். கொழுந்து நிறை குறைந்த ஆளுக்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்று அரை நாள் சம்பளம் போடுவார்களே, அதேபோல் கால் போன குஞ்சுக்கு அரைப்பேர். இந்த ஜீவன்களுக்குக் கால் திரும்ப முளைக்கும். முளைத்ததும் முழுப்பேர்.

அறுபத்தொரு குஞ்சு தேறியது. ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்பதை எடுப்பதாக நானா சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்துப் பூண்டுலோயாவில் ஒரு கலியாணம். அண்ணனும் அக்காவும் போயே ஆகவேண்டும். பக்கத்துக் காம்பராக்காரனான என்னிடம் பேசின்களை ஒப்படைத்தார்கள்.

"ரெண்டு வேள பூச்சி போடு, தண்ணி மாத்து. மத்தபடி சும்மா இரு," என்றார் அண்ணன். "அது ஒன்னுதான் ஒனக்கு வராது."

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கவலைப்பட அதற்குமேல் படிக்கத் தேவையில்லை. அந்த இரண்டு நாளும் பனி கொட்டியது. எனக்கே பல் தந்தியடித்தது. நகத்தளவு குஞ்சு, உடம்பில் ஒரு துணியில்லை. மனசு கேட்கவில்லை. பேசின்களை அடுப்போரம் நகர்த்தி, விறகு வைத்து, மேலே கம்பளியும் போர்த்தினேன். குளிர் ஊரில் பிறந்தவன் வேறென்ன செய்வான்?

சூடு ஏறினால் அவற்றுக்குப் பசி ஏறும் என்பது எனக்குத் தெரியாது. நான் போட்ட பூச்சி போதவில்லை. கம்பளியின் அடியில் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிட்டன.

ஞாயிறு காலையில் வந்த அண்ணன் கம்பளியைத் தூக்கினார், தெர்மாமீட்டரை முக்கினார். பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து. என்னைத் திட்டவில்லை. பீலித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆற்றினார். கொப்பியை எடுத்துப் பெரட்டு நடத்தினார். மூன்று செத்திருந்தன. முப்பத்தாறு அரைப்பேர்.

அதற்குள் நானா வாசலில் வந்து நின்றார். கண்ணாடி போட்டுப் பேசினைப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"என்ன அண்ணே, கால எடுத்துட்டுத் தர்றீங்க?"

"அரைப்பேரு நானா. அஞ்சு கெழம கழிச்சு வாங்க, முழுப்பேரு போட்டுத் தர்றேன்," என்றார் அண்ணன். சொன்னது நானாவிடம்; பார்த்தது சரோஜா அக்காவை.

அக்கா குனிந்து பேசினைப் பார்த்தார். நான் தொட்டிக்குள் கோழி நிற்பதை மனசுக்குள் பார்த்துவிட்டேன். அங்கே இரண்டு கால் இல்லாத ஒரு குஞ்சு வாலாலேயே உந்திப் போய், முழுக்காலோடு இருந்த மூன்றை முந்தி ஒரு பூச்சியை விழுங்கியது.

"செத்தா கவுப்பேன்னுதான் சொன்னேன்," என்றார் அக்கா. "மூணு போனது போகட்டும், இதுக சாகலையே. ஐம்பத்தெட்டு சாப்பாட்டுக்கு நிக்குது. போய்ப் பூச்சி அரிச்சிட்டு வாங்க."

ஐந்து வாரம் கழித்து நானா வந்து ஒவ்வொன்றின் காலையும் எண்ணி நாற்பதை எடுத்துப் போனார். இரண்டு கால் இழந்திருந்த அந்தக் குஞ்சை மட்டும் அண்ணன் நானாவுக்கு விற்கவில்லை. முன்னங்காலில் நாலு விரல் முளைக்க வேண்டிய இடத்தில் அதற்கு ஐந்து. கடனாக என் கையில் கொடுத்துவிட்டு, ஓவர்டைம் பார்த்திருக்கிறான், விலை கூட என்றார்.

இப்போது நான் வட்டவளையில் இருக்கிறேன். அரைப்பேரும் என்னோடுதான், அதுதான் அதன் பெயர். கடனை வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு அண்ணன் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருகிறார். வந்ததும் தொட்டியில் தெர்மாமீட்டரை முக்குகிறார், தலையாட்டுகிறார், தேத்தண்ணி குடிக்கிறார், காசைக் கேட்காமலே போகிறார். நானும் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டால் அப்புறம் எதற்கு வருவார் என்று எனக்குக் கவலை. குஞ்சுக்கு ஆயிரத்து ஐந்நூறு, அந்த ஐந்தாம் விரலுக்கு நூறு. பாக்கி ஆயிரத்து அறுநூறு ரூபாய்.