முதல் பனி விழும்வரை உன்னைக் கூப்பிட மாட்டேன்

ஆல்டர் ஃபோர்க், வெர்மாண்ட்
அக்டோபர் 24, வியாழன் காலை

அன்புத் தம்பி மெரிலுக்கு,

அக்கா ஆர்டித் எழுதுவது. இங்கே நானும், என் புது இடுப்பு மூட்டும், கோழிகளும், இரண்டு பன்றிகளும், மேட்டுப் புல்வெளியில் இருக்கும் முப்பத்தோரு செம்மறி ஆடுகளும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரி லொரெட்டாவும் நலமாக இருக்க வேண்டும், உன் முழங்கால் வலி குறைய வேண்டும், உன் வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் செய்தால் "அக்கா கூப்பிட்டுட்டாங்க, பந்தயம் முடிஞ்சுது" என்று ஊர் முழுக்கச் சொல்வாய். அதனால்தான் கடிதம். நாளை தீவனம் வாங்க உன் ஊர்ப்பக்கம் வரும் பக்கத்துப் பண்ணை ராய்ஸ் டாட்ரோவிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையின் நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் பிரிந்திருந்தாலும், பிரித்தவன் யார் என்று உனக்கே தெரியும்.

மார்ச் மாதம் உன் வீட்டுச் சமையலறையில் நாம் பேசிக்கொண்டதை மறந்திருக்க மாட்டாய். இடுப்பு அறுவைக்குப் பிறகு நான் தனியாகப் பண்ணையை நடத்த முடியாது என்றாய். முடியும் என்றேன். முதல் பனி விழுவதற்குள் ஒரே ஒரு தடவை உன்னை உதவிக்குக் கூப்பிட்டாலும் பண்ணையை விற்றுவிட்டு உன் வீட்டுக் கீழறைக்கு வந்துவிடுகிறேன் என்று லொரெட்டா முன்னால் கை கொடுத்தேன். கூப்பிடாவிட்டால் அந்தக் கீழறைப் பேச்சை நீ இந்த ஜென்மத்தில் எடுக்கக் கூடாது. நான் கை கொடுத்த ஈரம் காய்வதற்குள் நீ என்ன செய்தாய்? "இதோட படி உயரம், கிளட்ச் கஷ்டம், உனக்கு இனிமே வேணாம்க்கா" என்று சொல்லி என் வீட்டுக்காரர் ஹாரிஸின் பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போய் உன் கொட்டகையில் பூட்டி வைத்தாய். வண்டி இல்லாமல் இவள் ஒரு வைக்கோல் கட்டைக்கூட நகர்த்த மாட்டாள், மே மாதமே கைதூக்கிவிடுவாள் என்று நினைத்தாய். நான் என்ன செய்தேன்? ஒரே வாரத்தில் பேட்டரியில் ஓடும் சின்ன மின்வண்டி ஒன்று வாங்கினேன்.

அதை நீ ஈஸ்டர் விருந்தில் எல்லார் முன்னாலும் "கோல்ஃப் வண்டி" என்றாய். மெரில், கோல்ஃப் வண்டியில் கோழி எரு ஏற்றிப் பார்த்திருக்கிறாயா? இதற்கு நான்கு சக்கரத்திலும் இழுவை உண்டு. பின்னால் தொட்டி உண்டு, அது தானாகவே சாய்ந்து கொட்டும். இருக்கை நாற்காலி உயரம்தான், உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். கோழிகளுக்குத் தண்ணீர், பன்றிகளுக்குத் தீவனம், விறகு, வேலிக் கம்பம் எல்லாவற்றையும் நான் தனியாகக் கொண்டுபோகிறேன். ஹாரிஸ் இருந்தவரை குளிர்காலக் காலையில் அந்தப் பிக்கப்பை ஸ்டார்ட் செய்ய அரைமணி நேரம் அதனோடு பேசுவார். என்ன பேசினார் என்பதைச் சர்ச்சில் சொல்ல முடியாது. இந்த வண்டியோடு நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது. கிளம்பியதே தெரியாது.

கிளம்பியதே தெரியாது என்பதுதான் குளத்து விவகாரம். ராய்ஸ் உனக்குச் சொன்னது வேறு, நடந்தது வேறு. ஜூனில் ஒரு நாள் குளத்தங்கரைக் கதவைத் திறக்க இறங்கினேன். பிக்கப்பாக இருந்தால் அது ஓடிக்கொண்டிருப்பது அடுத்த ஊருக்கே தெரியும், இது மரக்கட்டை மாதிரி நின்றது, அதனால் அணைத்துவிட்டேன் என்றே நினைத்து விட்டேன், கதவைத் திறந்தேன், திரும்பி வந்து வைக்கோல் வாரியை எடுத்தேன், அது கை நழுவி நேராகப் பெடல் மேல் விழுந்தது, வண்டி என்னை விட்டுவிட்டு மரியாதையாகக் கரையில் இறங்கி, முன்சக்கரம் முழுகும்வரை போய், அங்கே சத்தமில்லாமல் நின்றது. இரண்டு நிமிடத்தில் ஒரு வாத்து வந்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டது. இதைத்தான் ராய்ஸ் உன்னிடம் "ஆர்டித் குளத்துல விழுந்துட்டாங்க" என்றானாம். நான் விழவில்லை. என் கால் நனையக்கூட இல்லை.

அப்போது அவன் தன் இரண்டு இழுவை எருதுகளையும் ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். போன வருடச் செப்டம்பர் கண்காட்சியில் கல்லிழுக்கும் போட்டியில் பாதி வழியில் படுத்துக்கொண்டு கொட்டாவி விட்டனவே, அதே எருதுகள்.

"அக்கா, உதவி வேணுமா?" என்றான்.

"வேணாம்" என்றேன்.

"அப்போ வாத்துக்கே குடுத்துடலாமா வண்டிய?"

"பாரு ராய்ஸ், உன் எருதுங்க போட்டியில படுத்துக்கிச்சு. பாவம், எதையாவது இழுத்துப் பழகட்டும்னு நீயா நெனச்சா நான் தடுக்க மாட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே சங்கிலியை மாட்டினான். ஐந்தே நிமிடத்தில் வண்டி கரையில் இருந்தது. ஆக, எருதுகளுக்குப் பயிற்சி கொடுத்தது நான். அவன்தான் எனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லவில்லை. எப்படியிருந்தாலும் உன்னைக் கூப்பிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

இரண்டாவது, சர்ச் விருந்து. உனக்கே தெரியும், நம் கொட்டகையில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதில்தான் மின்வேலிப் பெட்டியும் சொருகியிருக்கிறது, அதில்தான் வண்டிக்கும் சார்ஜ் போட வேண்டும். இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, ஒரு மணி நேரம்தானே என்று வேலிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வண்டியைச் சொருகினேன். அந்தப் பன்றிகள் தினமும் காலையில் மூக்கால் வேலியைத் தொட்டுப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். மாலையிலும் தொட்டுப் பார்க்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் வெளியே வந்தபோது பட்டியில் யாரும் இல்லை. அன்று சர்ச்சில் வருடாந்திர சிக்கன் பை விருந்து, மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்டு ஆற வைத்த பைகள் பின்வாசல் மேஜையில் வரிசையாக இருந்திருக்கின்றன, வாசனை நம் வயல்வரைக்கும் வந்தது, பன்றிகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பாதி சார்ஜில் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். ராய்ஸின் மனைவி க்ளெண்டா சுட்ட பையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தன. அதை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டிருக்கின்றன. இதை க்ளெண்டாவிடம் சொல்லாதே.

வேறு வழியில்லாமல் அந்தப் பையையே காட்டிக் காட்டி இரண்டையும் பின்தொட்டியில் ஏற்றினேன். ஊரே கை தட்டியது. பெருமையாகத்தான் இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்ததால் முன்விளக்கைப் போடலாம் என்று பொத்தானை அழுத்தினேன். அது விளக்குப் பொத்தான் இல்லை, தொட்டியைச் சாய்க்கும் பொத்தான். இரண்டு பன்றிகளும் வழுக்கிக்கொண்டு போய்ப் பாதிரியார் எல்வுட்டின் காலடியில் எழுந்து நின்றன.

"ஆர்டித், விருந்தாளிங்களக் கூட்டிட்டு வர்றேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு நாற்காலி சேர்த்துப் போட்டிருப்போமே?" என்றார் அவர்.

"எங்க வீட்டுப் பசங்க நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க, சாமி" என்றேன்.

மறுநாள் ஒன்பது பை சுட்டுக் கொடுத்தேன். ஒன்பதையும் வண்டியில்தான் கொண்டுபோனேன், ஒன்றுகூடச் சரியவில்லை. அப்போதும் உன்னைக் கூப்பிடவில்லை.

மூன்றாவதை உனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. போன திங்கட்கிழமை நீ ராய்ஸிடம் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் லைன் அறுந்ததல்லவா? அறுத்தது நான்தான். அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். நான் வேலியோரமாக வண்டியில் வந்து அவனுக்கு நான்கு அடி பின்னால் நின்றேன். ஒளிந்து கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. சத்தமில்லாமல் வந்தது வண்டியின் குணம்.

"டேய் மெரில், உங்கக்கா சும்மா வீம்புக்கு ஓட்டிட்டிருக்காங்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "ஒருநாள் கொளம், ஒருநாள் சர்ச்சு. பனிக்குள்ள கூப்பிட்டுருவாங்க, எழுதி வச்சுக்க. நீ அந்த ரூமுக்குத் திரைச்சீலைய மாட்டிரு."

"நீலக் கலர்ல மாட்டச் சொல்லு ராய்ஸ், எனக்கு மஞ்சள் பிடிக்காது" என்றேன்.

போன் தொட்டிக்குள் விழுந்தது. அது அடியில் கிடந்து கொஞ்ச நேரம் "ஹலோ, ஹலோ" என்றது. அது உன் குரல்தான் என்று நினைக்கிறேன். வீட்டு ரகசியம் எல்லாம் கேட்கும் தூரத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வண்டியைத்தான் நீ கோல்ஃப் வண்டி என்கிறாய்.

விளையாட்டு போகட்டும், ஒன்றை நேராகவே சொல்கிறேன். அந்தக் கீழறை எனக்குப் பயம். லொரெட்டா எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறாள் என்று தெரியும். சுவருக்குப் புது வர்ணம், கட்டிலோரம் பிடித்து எழக் கம்பி, ஜன்னலுக்கு எதிரே உன் கார் நிறுத்தும் இடம். எனக்கு ஆடுகள் இல்லாத குறை தெரியக் கூடாது என்று ஒரு பெரிய ஆட்டுப் படம் வேறு மாட்டியிருக்கிறாய். சட்டத்துக்குள் ஐந்து ஆடுகள், ஐந்தும் சிரிக்கின்றன. ஆடு சிரிக்காது, மெரில். நாற்பத்தாறு வருடமாக ஆடு வளர்க்கிறேன், ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அந்த அறையில் காலையில் கண் விழித்தால் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணமும் இருக்காது. இங்கே கால் வலித்தாலும், மனசு சரியில்லாவிட்டாலும், ஏழு மணிக்குப் பன்றிகள் கத்தும், எழுந்தே ஆக வேண்டும். அப்படி எழுந்துகொண்டிருக்கும்வரைதான் நான் நானாக இருப்பேன். ஹாரிஸ் இறந்த வருடத்தில் என்னை உட்காரவிடாமல் வைத்திருந்தது இந்த வேலைதான். நீ பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

ஆகவே என் முடிவு இது. ஞாயிற்றுக்கிழமை முதல் பனி என்று வானொலி சொல்கிறது. இன்னும் மூன்றே நாள். இந்த ஏழு மாதத்தில் நான் ஒரு தடவைகூட உன்னைக் கூப்பிடவில்லை, இனியும் கூப்பிடப் போவதில்லை. திங்கட்கிழமை காலை நீயே போன் செய்து "அக்கா, நான் தோத்துட்டேன்" என்று சொல்லலாம். தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொல், எனக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். திரைச்சீலையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு.

லொரெட்டாவுக்கு என் அன்பு. அவள் ஊறுகாய் ஜாடிகள் இரண்டு இங்கே இருக்கின்றன, கழுவி வைத்திருக்கிறேன். உன் முழங்காலைக் குளிரில் காட்டாதே. கடவுள் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும், உனக்குக் கொஞ்சம் புத்தியையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

தோற்காத உன் அக்கா,
ஆர்டித்

பி.கு.: கடிதத்தின் தொடக்கத்தில் மேட்டு ஆடுகள் நலம் என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை. அவ்வளவு நலமாக இருப்பதால்தான் கீழே இறங்க மாட்டேன் என்கின்றன. மே மாதம் புல்லைப் பார்த்துத் தாமாகவே ஏறின, கோடையில் கூப்பிட வேண்டிய வேலை இருக்கவில்லை. இப்போதுதான் தெரிகிறது, இத்தனை வருடமும் அவை இறங்கி வந்தது எனக்காக இல்லை, ஹாரிஸுக்காகவும் இல்லை, ஓட்டை சைலன்சரோடு அந்தப் பிக்கப் போடும் சத்தத்துக்காக. மின்வண்டியில் போனால் நான் வருவதே தெரிவதில்லை, திடீரென்று பக்கத்தில் முளைக்கிறேன். சத்தமில்லாமல் வருவதெல்லாம் அவற்றுக்கு ஆடு பிடிக்கும் கொயோட்டி நரி. ஓடைக்கு அந்தப் பக்கம் ஓடிவிடுகின்றன, அங்கே இந்த இடுப்போடு ஏற முடியாது. தானிய வாளியை ஆட்டினேன், மணி அடித்தேன், செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் வாயாலேயே பிக்கப் ஓட்டினேன். கியர் மாற்றினேன், சைலன்சர் இருமலும் இருமினேன். கூட்டத்துக்குத் தலைவி கிழட்டு பெர்த்தா தலையைத் தூக்கிப் பார்த்தாள், பத்தடி வந்தாள். நான் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினேன். எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டாள்.

ஒரு அடிப் பனியில் அவை அங்கே மாட்டிக்கொண்டால் எத்தனை மிஞ்சும் என்று உனக்கும் தெரியும். அதனால் சனிக்கிழமை காலை ஹாரிஸின் பிக்கப்பைக் கொண்டு வா. மேட்டடியில் நிறுத்து, எஞ்சினை அணைக்காதே, வாயைத் திறக்காதே. மற்றதை ஆடுகள் பார்த்துக்கொள்ளும். இது உதவிக்குக் கூப்பிட்டதாகாது. நான் கூப்பிடுவது பிக்கப்பை. அதற்குத் தனியாக வரத் தெரியாததால் நீயும் கூட வர வேண்டியிருக்கிறது.

இல்லை, கூப்பிட்டதுதான் என்று நீ சாதித்தால், சரி. கை கொடுத்தவள் நான், பேச்சு மாற மாட்டேன். முப்பத்தோரு ஆடும் தொழுவத்துக்குள் வந்ததும் பெட்டியைக் கட்டுகிறேன். ஆனால் மின்வண்டியும் என்னோடு வரும், தினமும் சார்ஜ் போட வேண்டும். உங்கள் வீட்டில் எந்தப் பிளக்கைப் பிடுங்கலாம் என்று லொரெட்டாவோடு பேசி இப்போதே முடிவு செய்து வை. ஃப்ரிட்ஜா, உன் டிவியா?