ஒற்றைத் தோள் மாப்பிள்ளை

உடம்பு ஏற வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஏறுகிற உடம்பை ஊரே பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் சனி பிடிக்கிறது. எனக்குப் பிடித்த சனி வலது தோளில் வந்து உட்கார்ந்தது.

வீட்டில் எனக்குப் பெண் தேட ஆரம்பித்திருந்த சமயம். சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்ததும், பைக்கை எடுத்துக்கொண்டு உத்தமபாளையத்தில் ஒரு ஜிம்முக்குப் போவேன். வலது கையில் தம்பிள்ஸ், இடது கையில் செல்போன். (வீடியோ எடுக்காத உடற்பயிற்சி உடம்பில் ஒட்டாது என்பது அப்போது என் கொள்கை.) சில மாதங்களில் உடம்பு ஏறத்தான் செய்தது, வலது பக்கம் மட்டும். சட்டையில் வலது தோள் தையல் பிரிந்தது. இடது தோளில் துணி தொங்கியது.

"ஏலே, சட்டைக்குள்ள ஒரு பக்கம் தேங்காய வச்சிருக்கியா?" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துப் பெரியகுளத்தில் ஒரு வரன் அமைந்தது. பெண் பெயர் சங்கீதா. போட்டோவைப் பார்த்த நிமிடமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவள் முன்னால் கோணல் தோளோடு போய் நிற்பதா? வலது தோள் மாதக்கணக்கில் செய்த வேலையை இடது தோள் ஒரே சாயங்காலத்தில் செய்து முடிக்கட்டும் என்று, பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் ஜிம்முக்குப் போனேன். "போதும்ப்பா, விட்ரு" என்று மாஸ்டர் கெஞ்சினார். கேட்டேனா?

மறுநாள் இடது கை இடுப்புக்கு மேலே வர மறுத்துவிட்டது. சட்டையை அம்மாதான் மாட்டிவிட்டாள்.

பெரியகுளத்தில் வாசலிலேயே பெண்ணின் தாய்மாமா இரண்டு கையையும் கூப்பி, "வாங்க மாப்ள" என்றார். நான் வலது கையை மட்டும் தூக்கினேன், ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் மாதிரி. தாய்மாமனை ஒற்றைக் கையால் கும்பிடுவதற்குக் கும்பிடாமலே இருந்துவிடலாம். அவர் முகம் சுண்டிப்போனது. உள்ளே போனதும் அவரே கேசரித் தட்டை நீட்டினார். அதையும் ஒற்றைக் கையால் வாங்கி மடியில் வைத்தேன். இப்போது முகம் கறுத்தது.

இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று, வலது கையால் இடது கையைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து ஒரு வணக்கம் வைத்தேன். பிடி நழுவியது. இடது கை பொத்தென்று கேசரியில் விழுந்தது.

மாமா எங்கள் அப்பா பக்கம் குனிந்தார். "அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்கு அந்தக் கை விழுந்துபோச்சா?"

"ஐயையோ, ஜிம்முக்குப் போறான்ங்க. அதான்…"

"ஜிம்முக்குப் போனா உடம்பு வரும்பாக. இங்கன இருந்த கையும்ல போயிருக்கு?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார். சம்பந்தம் முறிந்தது என்று நினைத்தபோது, காபித் தட்டோடு நின்றிருந்த சங்கீதா பேசினாள்.

"மாமா, அவுகளுக்கு ஒண்ணுமில்ல. வலது கையிலயே எடையத் தூக்கி ஒரு தோளு பெருத்துப்போச்சு. அதுக்கு ஈடு கட்ட இடது கையப் போட்டு வதைச்சிருக்காக."

"ஒனக்கு எப்படித்தா தெரியும்?"

"அவுக போட்ட வீடியோவுல பாத்தேன். எல்லா வீடியோவுலயும் வலது கைதான் வேலை செய்யுது. இடது கை செல்லப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருக்கு."

மாமா அவளையே பார்த்தார். "எல்லா வீடியோவையுமா பாத்த?"

காபித் தம்ளர்கள் கடகடவென்று ஆடின. அவள் தட்டோடு உள்ளே ஓடிவிட்டாள். அடுப்படியில் பெண்கள் சிரித்த சிரிப்பில் மாமாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். "அப்பறமென்ன, ஆக வேண்டியதப் பாருங்க" என்றார்.

அந்த ஒரு நிமிடம் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த வீட்டில் எனக்குக் கிடைத்தது கையில் ஒட்டிய கேசரி மட்டும்தான். அவளுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியில் பாதியைக்கூட இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

கல்யாண மேடையில், கெட்டிமேளத்துக்குக் கை காட்டும் நேரத்தில் மாமா குறுக்கே வந்தார். "கொஞ்சம் பொறுங்கப்பா. மாப்பிள்ளைக்கு ரெண்டு கையும் ஏறுதான்னு பாத்துக்குவோம்." போலீஸிடம் பிடிபட்டவனைப்போல இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் தாலியை என்னிடம் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை கையைத் தூக்கிக் காட்டாமல் மேளம் கொட்டுவதில்லை. போன முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பயபக்தியோடு என்னிடம் கேட்டார்: "இது உங்க குலவழக்கமுங்களா?"

"ஆமாங்க, முன்னோர்கள் காலத்துலருந்து வர்றது" என்றேன். சங்கீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.