அனுமதி இலவசம்

போட்டிக் கம்பெனியின் வீடியோ கேம் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவர அவர் மூன்று பொய்களும் ஒரு அழுகையும் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

"தாராளமா வைங்க," என்றாள் மனைவி.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வேலை பார்ப்பதும் கேம் பெட்டி செய்யும் கம்பெனியில்தான், வியாபாரத் திட்டம் போடுகிற பிரிவில். பெட்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிற எதிரி, வாங்கின ஆளை எப்படி விடாமல் பிடித்து வைக்கிறான்? திங்கட்கிழமை டைரக்டர் கேட்பார். பதில் இல்லையென்றால் வேலைக்கே வேட்டு. ஞாயிறு முழுக்க விளையாடிக் கண்டுபிடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஞாயிறு காலையில் பெட்டியை டிவியில் மாட்டினார். ரிமோட்டைக் காணோம்.

"டிவி தனிங்க. பாத்திரம் தேய்ச்சா ரிமோட் தரேன்."

"நீதானே வைக்கச் சொன்னே?"

"பெட்டியை வைக்கச் சொன்னேன். அதுக்கு நான் ஏதாவது கேட்டேனா?"

யோசித்துப் பார்த்தால் கேட்கவில்லைதான். தேய்த்தார். ரிமோட் வந்தது. இப்போது சோபா மேல் ஒரு வாரத்துத் துணி.

"மடிச்சா உட்காரலாம்."

"இது அநியாயம்."

"வேண்டாம்னா விட்டுடுங்க, கட்டாயமில்ல. தேய்ச்ச பாத்திரம்தான் வீண்."

அந்தக் கடைசி வாக்கியம் அவரைக் கவிழ்த்தது. அத்தனை பாத்திரத்தையும் வீணாக்க மனசு வரவில்லை. மடித்தார். மடித்து முடித்ததும் ஒரு சலுகை வந்தது: ஒட்டடை அடித்தால் அரை மணி நேரம் கூடுதலாக விளையாடலாம். விளையாட்டே ஆரம்பிக்காதபோது கூடுதல் எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. லாபம் என்று நினைத்து ஏணி மேல் ஏறினார்.

சாயங்காலம் ஈரத்துணியோடு ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டு நின்றபோது தலை சுற்றியது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. எந்த இடத்தில் ஏமாந்தோம் என்றுதான் புரியவில்லை.

திங்கட்கிழமை டைரக்டர் கேட்டார். இவர் வாய் தானாகவே திறந்தது.

"பெட்டி கிட்டத்தட்ட சும்மா சார். மத்ததெல்லாம் தனி. ஒண்ணு முடிச்சா இன்னொண்ணு வரும். நடுவுல விட்டா பண்ணதெல்லாம் வீணாயிடுமேன்னு பயம் இருக்கும். அப்பப்ப ஒரு சலுகை."

டைரக்டர் எழுந்து வந்து கைகுலுக்கினார். "பிரமாதம். எத்தனை மணி நேரம் விளையாடினீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கல சார். ஜன்னல் ரெண்டு பாக்கியிருக்கு."