கச்சேரி ரோட்டுப் பிரெஞ்சுக்காரர்

மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே வளர்ந்து, பாண்டிச்சேரி பஸ்ஸில் ஒருநாள்கூட ஏறாமல் முழுப் பிரெஞ்சுக்காரராக வாழ்ந்துகாட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருத் தையல்காரர். அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவுக்கு அவர் முசே. பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். அதையும் அவரேதான் சொன்னார்.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் வீடு. முன்னறையை அவருக்குக் கடையாக விட்டிருந்தோம். மனைவியை இழந்தவர். ஒரே மகள் மேரி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, எழுபத்தொன்று வரைக்கும் அவர் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். சட்டை தைப்பார், சொன்ன தேதிக்குக் கொடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

ஒருநாள் சாந்தோம் கோயிலைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், கிழிந்த கால்சட்டையோடு கடைக்கு வந்தார். வாசலில் ஒரு பித்தளைப் பலகை தொங்கும். முசேயின் கொள்ளுத்தாத்தா பாண்டிச்சேரியிலிருந்து பிழைக்க வந்தபோது கொண்டுவந்தது. பி, ஓ, யு, எல், எல், ஈ என்று எழுத்துகள். அந்த ஈயின் தலைமேல் பூனை மீசை மாதிரி ஒரு கோடு. வெள்ளைக்காரர் அதைப் பார்த்து, "ஓ! பிரெஞ்ச்!" என்றார். தைத்ததை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

எங்களுக்குத்தான் பிடித்தது சனி. மறுநாள் காலை தையல்காரர் தலையில் தொப்பி இருந்தது.

"இன்னா நைனா அப்டி பாக்குற? நம்ம மூதாதை பிரான்ஸ்காரரு. காப்டன் பௌலே. கப்பல்ல வந்தவரு."

"யாருங்க சொன்னது?"

"பித்தள சொல்லுதுபா! புளி போட்டுத் தேச்சுப் பாரு, எப்டி மின்னுது!"

அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை சோறு கிடையாது. ரசத்தில் ரொட்டியைத் தோய்த்து, சூப் என்று சொல்லிச் சாப்பிட்டார். சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு, இந்த ஊர்ச் சூடு தன் ரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விசிறிக்கொண்டார். காலையில் கூடையோடு வரும் மீன்காரம்மாவைப் பார்த்து, தொப்பியைத் தூக்கி, "போன்சூர்!" என்பார்.

"சூரை இன்னிக்கு வர்ல முசே, வஞ்சிரம்தான் கீது" என்று அந்த அம்மாள் தினமும் பதில் சொல்லுவாள்.

வந்த வினையெல்லாம் சட்டைக் காலரில்தான் வந்தது. தான் தைக்கும் ஒவ்வொரு சட்டைக்கும் குடும்பப் பெயரை எழுதிய துணி லேபிள் வைத்தார். முதலில் பலகையில் இருந்தபடியே வைத்தார். பிறகு நூலகத்தில் யாரோ, பிரெஞ்சுக்காரர்கள் எழுதுகிற எழுத்தையெல்லாம் வாயால் சொல்ல மாட்டார்கள் என்று ஓதிவிட்டார்கள். சொல்லாத எழுத்து இல்லாவிட்டால் அது என்ன பெரிய குடும்பம்? முசே இரண்டு 'எல்'லில் ஒன்றை எடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு டி சேர்த்தார். அடுத்த தீபாவளிக்குள் பெயருக்கு முன்னாலும், பிரபு வம்சம் மாதிரி, ஒரு டி வந்து உட்கார்ந்தது. எங்கள் அப்பாவின் அலமாரியைத் திறந்தால் ஒரு வம்சாவளியே ஹேங்கரில் தொங்கியது.

இப்படியே போயிருந்தால் சிரித்துக்கொண்டே இருந்திருப்போம். ஆனால் மேரி ஒருவரை விரும்பினாள். தி. நகர் துணிக்கடையில் வேலை பார்க்கும் சூசை. யாரும் கேட்காமலே வாரம் தவறாமல் லைனிங் துணி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த பையன். தங்கமான குணம். ஒரே ஒரு குறை. முழுப்பெயர் சூசைப்பிள்ளை.

"பிள்ளையா?" என்று முசே போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் காக்கா பறந்தது. "காப்டன் வம்சத்துல போய் ஒரு பிள்ளையா? ஊருக்கு ஊரு கீறான் பிள்ளை! எம் புள்ளய நான் அங்க குடுக்கறதா?"

மேரி அழவில்லை. "நான் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போறேன். நீ உன் காப்டனுக்குச் சமைச்சுப் போடு" என்றாள். சொன்னதைச் செய்கிற பெண். மடத்துக்குப் போய்ப் பேசியும் வந்துவிட்டாள். முசே, "போவட்டும்" என்றார். ஆனால் அந்த வாரம் எனக்குத் தைத்த சட்டையில் இரண்டு கையும் இடது கையாக இருந்தது.

கடைசி முயற்சியாகச் சூசை தன் பெரியப்பாவை அழைத்துவந்தான். காரைக்கால்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அசல் பிரெஞ்சு பேசுகிறவர் வருகிறார் என்றதும் முசே கோபத்தை மறந்து நாற்காலியைத் துடைத்தார். பெரியப்பா கையைக் குலுக்கிப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். முசே, ஆமாம் என்கிற பாவனையில், "வீ, வீ" என்றார். அவர் மறுபடி கேட்டார். இவர் இன்னும் பலமாக, "வீ! வீ!" என்றார். மூன்றாம் தடவை பெரியப்பா நெளிந்துகொண்டே, "கக்கூஸ் எந்தப் பக்கம்ங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார்.

அவர் திரும்பி வரும்போது எதிர்வீட்டு வக்கீல் மாமா, முசே முன்பு தைத்த சட்டையோடு, புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். பெரியப்பா மாமாவின் காலருக்கு வெளியே துருத்திய லேபிளைக் கூர்ந்து பார்த்தார். பார்த்தவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

"என்னங்க இது, கழுத்துல பிரெஞ்சுல கோழின்னு எழுதிவச்சிருக்கீங்க? அதும் கறிக் கோழி!"

வக்கீல் மாமாவோ வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர்.

"அபசாரம்! அறுபத்துமூவர் உற்சவத்துக்கு இதைப் போட்டுண்டுதானே ஸ்வாமிக்குத் தோள் குடுத்தேன்! ஆத்துல என்னத்தைச் சொல்லுவேன்?" என்று சட்டையை உருவி எறிந்துவிட்டு வெறும் மார்போடு தெருவில் ஓடினார்.

முசே ஆடிப்போனார். "லேபிள்தாங்க தப்பு, பலகைய பாருங்க!" என்று பெரியப்பாவை வாசலுக்கு இழுத்தார். அவர் பார்த்துவிட்டு, "அட, நீங்களும் நம்மாளுதானா! எங்க வூட்டு வாசல்லயும் இதே எழுத்துதாங்க. இது பிள்ளை!" என்றார்.

"இன்னாது?"

"பேரென்னன்னு வெள்ளக்காரன் கேட்டான். நம்மாளு எழுத்துத் தமிழ்லயா சொல்லுவாரு? புள்ளென்னாரு. காதுல விழுந்தத அவன் பாஷையில எழுதிட்டான். பாண்டி, காரைக்கால் பூரா இந்த எழுத்துதான்."

கடைக்குள் ஊசி விழுந்தால் கேட்கும். அங்கே ஊசிக்கா பஞ்சம்? எத்தனை வருஷம் காப்டன் கதை கேட்டிருக்கிறேன்! முசே தொப்பியைக் கழற்றினார். பலகையை ஒரு தடவை தடவினார். உதடு மட்டும் புள்ளெ, புள்ளெ என்று அசைந்தது. பிறகு கதவோரம் நின்ற மேரியைப் பார்த்தார்.

"எம் புள்ள, எம் புள்ளன்னு நானும் தெனம் சொல்லிக்கினுதானே கீறேன். என் காதுக்கே கேக்கலியே. ஒரு கோழிக்கோசரம் எம் புள்ளய மடத்துக்கு அனுப்பப் பாத்தனே!"

மேரி அப்போதுதான் அழுதாள்.

கல்யாணம் சாந்தோம் கோயிலில். மாப்பிள்ளைக் கோட்டு முதல்நாளே தயார். முசே சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுத்தது அது ஒன்றுதான். உள்பக்கத்து லேபிளில் தமிழில், 'எம் புள்ளைக்கு' என்று நூலால் எழுதியிருந்தார். மாப்பிள்ளையையும் தன் புள்ளையாகச் சேர்த்துக்கொண்டாரோ என்னவோ. மறுநாள் தொப்பி மறுபடி தலையில் ஏறிவிட்டது. கேட்டதற்கு, "பிள்ளைதான் நைனா. ஆனா பிரெஞ்சுப் பிள்ளை" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பலகை மேரியிடம் இருக்கிறது. முன்னறையை நாங்கள் யாருக்கும் விடவில்லை. காலையில் அதைத் தாண்டிப் போகும்போது, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஒரு போன்சூர் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.