பந்துக்கு முன்னால் ஓடும் விலை

மில்வாக்கி
புதன்கிழமை

பிரியமுள்ள மச்சான் டுவேனுக்கு எல்மர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தங்கை டோரீனும் நலம். ராசீனில் நீயும் உன் முழங்காலும் உன் முற்றத்தில் நிற்கும் படகும் நலந்தானே? அந்தப் படகு விஷயமாகத்தான் எழுதுகிறேன். மாமனார் நம் இருவர் பெயருக்கும் எழுதிவைத்ததால் உன் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது. இத்துடன் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. சனிக்கிழமை சிகாகோக்காரர்களோடு நமக்கு பேஸ்பால் ஆட்டம். அதற்குள் என் கையில் பணம் இருக்க வேண்டும்.

சூதாட்டம் என்று பதறாதே. போனிலேயே நடக்கும் இதற்குக் கணிப்புச் சந்தை என்று பெயர். ஒரு ஆட்டத்துக்கு ஒரு கேள்வி: மில்வாக்கி ஜெயிக்குமா? ஆமாம்னு ஒரு சீட்டு, இல்லைன்னு ஒரு சீட்டு. ஆமாம் அறுபது சென்ட்னா, நூத்துக்கு அறுபது பங்கு ஜெயிக்கும்னு ஊரு நினைக்குதுன்னு அர்த்தம். நான் அறுபது குடுத்து ஆமாம் வாங்கினா, எதிர்ப்பக்கம் எவனோ நாற்பது குடுத்து இல்லை வாங்கியிருப்பான். ஜெயிச்சா எனக்கு முழு டாலர், தோத்தா அவனுக்கு. நடுவுல மனசு மாறினா அப்போதைய விலைக்கு வித்துட்டும் போகலாம். இவ்வளவுதான் மச்சான், உருளைக்கிழங்கு வியாபாரம் மாதிரி.

இதுல யாரும் கவனிக்காத ஒண்ணை நான் கவனிச்சேன். டிவியில பந்து வீசுறவன் இன்னும் தொப்பியைத்தான் சரிபண்ணிக்கிட்டிருக்கான், போன்ல விலை நாற்பதுலேர்ந்து எழுபதுக்குத் தாவுது. கொஞ்ச நேரங்கழிச்சுப் பார்த்தா நம்ம ஆள் அடிச்ச பந்து வேலிக்கு வெளியே போகுது! ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். சந்தைக்கு நடக்கப்போறது முன்னாலயே தெரியுது, டுவேன். உடம்பு சிலிர்த்துப்போச்சு எனக்கு. ஆனாலும் நான் நிதானமான ஆளு. விலை தாவினதும் வாங்கிட மாட்டேன், டிவியில பார்த்து உறுதி பண்ணிக்கிட்டுத்தான் வாங்குவேன். இதுவரைக்கும் கொஞ்சம் கைநஷ்டந்தான், இல்லேங்கல. தொழில் படியுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்.

நேத்து வேற ஒரு கூத்து. ஏழாவது இன்னிங்ஸ் நடுவுல எல்லாரும் எழுந்து நின்னு பாடுவோம் இல்லையா, வீட்டுல தனியா இருந்தாலும் நான் எழுந்துதான் பாடுவேன், உனக்கே தெரியும். பாடி முடிச்சு உட்கார்ந்தது போன் மேல. அது நம்ம ஊருக்கே எதிரா ஒரு 'இல்லை' சீட்டை வாங்கிடுச்சு. கர்மம், நாமளும் தோத்தோம். நான் ஜெயிச்ச ஒரே சீட்டு அதுதான். "உங்க தலையை விட அதுக்கு விவரம் ஜாஸ்தி"ன்னு டோரீன் சொல்றா. போகட்டும், பொம்பளை பேச்சு. படகு விக்கிறது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம், அவ அப்பா ஞாபகம்னு அழுவா.

ஏரியில் உனக்கு மீன் தாராளமாகக் கடிக்கட்டும், முழங்கால் மழைக்கு மட்டும் வலிக்கட்டும் என்று வேண்டும்,
உன் மச்சான்,
எல்மர் கிராபோவ்ஸ்கி

பி.கு.: தபால்தலை ஒட்ட வந்த டோரீன் இதைப் படிச்சுட்டா. அழலை. என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப்போய் சமையலறை ரேடியோ பக்கத்துல நிறுத்தினா. அதுல, இன்னைக்கு ஆட்டத்துல, நம்ம ஆள் அடிச்சு, ஓடி, மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டான். நடுவீட்டு டிவியில பந்து வீசுறவன் அப்பத்தான் தொப்பியைச் சரிபண்றான். நம்ம டிவி இன்டர்நெட்டுல வர்றதால அரை நிமிஷம் பிந்தி வருதாம். சந்தைக்கு ஜோசியம் ஒண்ணும் தெரியலை மச்சான், ஊருக்கே தெரிஞ்ச சேதியை நான்தான் கடைசியா, அதிக விலை குடுத்து வாங்கியிருக்கேன். தாளைக் கிழிச்சுப்போடு. படகை விக்காதே, ஒரு ஆள் உள்ளே படுக்கற மாதிரி மேல மூடின தார்ப்பாயை மட்டும் எடுத்து வை. டோரீன் என் தலையணையையும் போர்வையையும் காருல ஏத்திட்டா. கடிதத்துக்கு முன்னாடி நானே வந்து சேர்ந்துடுவேன்.