ஊர்காவற்றுறைக் கிளை உத்வேகம் பெற்ற வரலாறு

வளர்பிறை லீசிங் கொம்பனியின் ஊர்காவற்றுறைக் கிளையில் வசூல் குறைந்துபோனது. காரணம் தெரியாத பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மழையில் வெங்காயம் அழுகியதால் கடன் வாங்கியவர்களின் கையில் காசு இல்லை. காசு இருந்தவர்களிடம் போய் வாங்கி வருவதற்குக் கிளையின் மோட்டார் சைக்கிள் ஓடவில்லை. முகாமையாளர் சுஜிதன் இதையெல்லாம் விளக்கி, இன்னோர் ஆளும் ஓடக்கூடிய ஒரு மோட்டார் சைக்கிளும் தந்துதவுமாறு கொழும்புத் தலைமையகத்துக்குப் பணிவன்புடன் எழுதினார்.

தலைமையகம் ஆழ்ந்து ஆராய்ந்து பதில் அனுப்பியது. ஆட்குறைவு என்பது ஒரு மனநிலையே என்றும், கிளையில் உண்மையில் குறைவாக இருப்பவை உத்வேகமும் ஊழியர்களுக்கிடையிலான பிணைப்புமே என்றும், ஆகவே கிளை முழுவதும் ஒருநாள் நெடுந்தீவுக்குச் சென்று அவ்விரண்டையும் பெற்றுத் திரும்ப வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. வள்ளச் செலவைக் கிளையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் பகுதியில் இருக்கும் சயந்தினி இதைக் கேட்டதும் பயந்தாள். கிளிநொச்சிக் கிளையில் இருந்த காலமெல்லாம் விடியமுன் பஸ் ஏறி, இருட்டிய பிறகு தன் ஊரான புளியங்கூடலில் வந்து இறங்கியவள் அவள். ஆளைப் பிடித்து, அந்த ஆளுக்கு ஆளைப் பிடித்து, இந்த வருஷம்தான் ஊர்காவற்றுறைக்கு மாறி வந்திருந்தாள். இப்போது மத்தியானம் சைக்கிளில் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்தால் வந்த மகளுக்கும் சோறு தீத்திவிட்டு, தானும் சுடுசோறு சாப்பிட்டு வருகிறாள். அதைவிடப் பெரிய உத்வேகம் அவளுக்குத் தேவைப்படவில்லை. இந்தக் கதிரை தன்னை விட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. உறவினர்கள் ஒரே கிளையில் கடமையாற்றலாகாது என்பது கொம்பனிச் சட்டம். காசாளர் சறோஜினிதேவியோ சயந்தினிக்கு மச்சாள். கொம்பனி கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. கிளைக்குள் அவரை ‘அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டு சயந்தினி காலத்தை ஓட்டினாள். பிணைப்பைத் தேடுங்கள் என்று ஒருவர் கிளம்பினால் எது எங்கே போய் முட்டுமோ என்று அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறினார்கள். சுஜிதன், சயந்தினி, சறோஜினிதேவி, வசூல் உத்தியோகத்தர் நிரோஜன், இலிகிதர் கிருசாந்தி. இதுதான் முழுக் கிளையும். கிருசாந்தியின் மேசையடியில் நிரோஜனுக்கு அடிக்கடி பேனை தொலைவது வழக்கம் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுவது நல்லது. கூடவே கொழும்பிலிருந்து அனுப்பப்பட்ட உத்வேகப் பயிற்றுநர் மேரிஜோசப்பின் வந்தார். “அன்பு உள்ளங்களே, அலைகளை உள்வாங்குங்கள்” என்றார். பாதிக் கடலில், அவரே காலையில் உள்வாங்கிய இடியப்பத்தை வெளியே விட்டார்.

நெடுந்தீவில் முதலாவது பயிற்சி குதிரை பார்ப்பது. ஒரு கல்வேலியின் அருகே, தண்ணீர் வற்றிய கேணியடியில், அத்தீவில் தன்பாட்டில் திரியும் குதிரைகளில் ஒன்று நின்றது. அதைப் பார்த்தபடி எல்லோரும் மௌனமாக நிற்க வேண்டும்.

“குதிரை உங்களுக்கு என்ன சொல்லுது?” என்று பயிற்றுநர் நிரோஜனைக் கேட்டார்.

“தண்ணி இல்லையாம், மிஸ்.”

“இன்னும் ஆழமாகப் பாருங்கள். உங்கள் உள்ளத்துக்கு என்ன சொல்லுது?”

“ஆராவது ஒரு வாளி கொண்டு வரட்டாம்.”

பயிற்றுநர் கண்கலங்கி, ‘தாகம்’ என்று ஒரு பெரிய தாளில் எழுதிக் கல்வேலியில் சாத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். குதிரைக்கு ஒருவரும் தண்ணீர் வைக்கவில்லை.

இரண்டாவது பயிற்சி இருவர் இருவராக எதிரெதிரே இருப்பது. எதிரில் இருப்பவருக்கும் தமக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. கொழும்பில் இந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் தங்கள் இருவருக்கும் மழை பிடிக்கும், நாய்க்குட்டி பிடிக்கும் என்று சொல்லி அழுது கட்டிப்பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தீவுப்பகுதி ஆட்களுக்கு மழையைப் பற்றி விசாரிக்கும் பழக்கம் இல்லை.

சறோஜினிதேவிக்குச் சோடி இல்லாததால் பயிற்றுநரே எதிரே இருந்தார். சயந்தினிக்கு எதிரே சுஜிதன் இருந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர். தான் கொழும்பு ஆள் என்பதில் அவருக்கு ஒரு நிமிர்வு. சயந்தினிக்கு அன்றாட வேலையே லீசிங்குக்கு வருகிறவனின் பிணையாளி யார், அவன் எந்த ஊர், யாருடைய ஆள் என்று தோண்டுவதுதான். கொம்பனியின் கடனில் பாதி அவளுடைய வாயால் திரும்பி வந்தது. அந்த வாய் சும்மா இருக்கவில்லை.

“சேர் எந்த ஊர்?”

“நான் கொழும்பு.”

“அதுக்கு முதல்?”

“வெள்ளவத்தை.”

“அதுக்கும் முதல்?”

“பம்பலப்பிட்டி.”

இப்படியே விட்டால் மனிதர் கொழும்புக் காலி வீதியின் ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் இறங்குவார் போலிருந்தது.

“சேர், அப்பா எங்கை பிறந்தவர்?”

சுஜிதன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். “புளியங்கூடல். ஆனா நான் ஒருநாளும் அங்கை போனதில்லை.”

இந்த இடத்தில் சயந்தினி வாயை மூடியிருக்க வேண்டும். கதிரை, சுடுசோறு, மகள் எல்லாம் அவளுக்கு ஒருமுறை நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் ஓர் ஆளின் பூர்வீகம் பாதியில் நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

“காலி டவுணிலை புடவைக்கடை வைச்சிருந்த இளையதம்பியற்றை மகனோ?”

“ஓம். எப்பிடித் தெரியும்?”

“ஐயோ மச்சாள், ஓடி வாங்கோ! உங்கடை சித்தப்பா இஞ்சை இருக்கிறார்!”

மச்சாள் என்ற சொல் வாயால் விழுந்த பிறகுதான் அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் சறோஜினிதேவி ஓடி வந்துவிட்டார். ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருந்தவர், தன் மகன் வயதுள்ள முகாமையாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ரை அப்பப்பா மூத்த தாரத்து மூத்த பிள்ளை. உங்கடை அப்பா இளைய தாரத்துக் கடைக்குட்டி. முறைக்கு நீங்கள் எனக்குச் சித்தப்பா. இவள் சயந்தினியின்ரை அம்மப்பாவும் அவையின்ரை சகோதரம்தான், அப்ப இவளுக்கு நீங்கள் மாமா. சித்தப்பா, இவ்வளவு காலமும் உங்களைச் சேர் எண்டு கூப்பிட்டிட்டனே!”

கொழும்புக்காரர் என்ற நிமிர்வு அவ்விடத்திலேயே கல்வேலியில் கழன்று விழுந்தது. இந்தச் சத்தத்தில் மற்றச் சோடியும் விசாரணையைத் தொடங்கியது. வன்னியில் வளர்ந்த நிரோஜனின் அம்மம்மாவும் கிருசாந்தியின் அம்மம்மாவும் நயினாதீவில் கூடப்பிறந்த சகோதரிகள் என்று தெரியவந்தது.

“அப்ப நீங்கள் எனக்கு அண்ணை முறை” என்றாள் கிருசாந்தி.

நிரோஜன் எழும்பிப் போய், யாரும் சொல்லாமலே குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் சறோஜினிதேவி பயிற்றுநரையும் விடவில்லை. மேரிஜோசப்பினின் தாத்தா கரம்பனைச் சேர்ந்தவர் என்றும், புளியங்கூடலில் இவர்களுடைய குடும்பத்துப் பெட்டையைத்தான் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ஓடினவர் என்றும் நிறுவி முடித்தபோது பயிற்றுநர் விம்மி விம்மி அழுதார். அவருடைய தொழில் வாழ்க்கையில் ஒரு பயிற்சி இப்படிப் பலித்தது இதுதான் முதல் தடவை. ‘ஊர்காவற்றுறைக் கிளை உண்மையிலேயே ஒரே குடும்பமாகிவிட்டது’ என்று, யார் யாருக்கு என்ன முறை என்ற விளக்கத்தோடு தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

தலைமையகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் ஒரே உறையில் வந்தன. முதலாவது, ஒரே குடும்பமாகியமைக்குப் பாராட்டுத் தெரிவித்தது. இரண்டாவது, ஒரே குடும்பமாகியமையால் அனைவரையும் இடமாற்றியது. சுஜிதனுக்கு அம்பாறை. சறோஜினிதேவிக்குப் பதுளை. நிரோஜனுக்கு மாத்தறை. கிருசாந்திக்குப் புத்தளம். சயந்தினிக்கு மொனராகலை.

சயந்தினி கிளையில் தேத்தண்ணி போடும் குசினிக்குள் போய் நின்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மனிதவளப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“சட்டம் சட்டம்தான், மிஸ்” என்றார் அதிகாரி. “உறவினர்கள் ஒரே கிளையில் இருக்க முடியாது.”

“உறவினர் எண்டால் ஆர், ஐயா?”

இந்தக் கேள்வி அதிகாரிக்கு மிகவும் பிடித்துவிட்டது. இதுவரை யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. சட்டப் பிரிவைக் கலந்தாலோசித்துவிட்டு வந்தார். “ஒருவருடைய நன்மை தீமைகளில் பங்குபற்றி, அவருடன் முகம்கொடுத்துப் பேசுகிறவரே உறவினர்.”

“சொந்தமாய் இருந்தும் கதைபேச்சு இல்லாட்டி?”

“அப்படியும் நடக்குமா?”

“எங்கடை பக்கம் வீட்டுக்கு வீடு நடக்கிறது, ஐயா. கலியாணத்துக்கும் போகாயினம், செத்தவீட்டுக்கும் போகாயினம்.”

“அப்படியானால் உறவில்லை. இடமாற்றமும் இல்லை. ஆனால் நம்பத்தகுந்த காரணத்துடன் ஒவ்வொருவரும் பகை உறுதிமொழி தர வேண்டும். அதைச் சமாதான நீதவான் அத்தாட்சிப்படுத்த வேண்டும்.”

பின்னால் நின்ற நிரோஜன் தொலைபேசியை வாங்கினான். “ஐயா, உறவில்லை எண்டு கொம்பனி ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளையைக் கலியாணம் கட்டலாமோ?”

“தாராளமாக. கட்டினால் உறவினர் ஆவீர்கள். அப்போது இடமாற்றம்.”

அன்று பின்னேரம் கிளையைப் பூட்டிவிட்டு ஐந்து பேரும் கூடிக் கோபிப்பதற்குக் காரணம் தேடினார்கள். தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் இருந்தன. ஒரே சிரிப்பு.

“சித்தப்பாவோடை எனக்கென்ன கோபம் எண்டு எழுதுறது? தங்கமான பிள்ளை” என்றார் சறோஜினிதேவி.

“சும்மா ஒரு வேலிச் சண்டையைப் போடுங்கோ, மச்சாள்” என்றாள் சயந்தினி.

சறோஜினிதேவி எழுதத் தொடங்கினார். அரைவாசியில் பேனை நின்றது. “மெய்யே, உண்மையாவே ஒரு வேலி இருந்ததெல்லோ? எங்கடை வளவுப் பக்கம் அதை ஒரு முழம் அரக்கித் தள்ளினது ஆர்?”

“அக்கா, நான் அப்ப பிறக்கவும் இல்லை” என்று சுஜிதன் சிரித்தார்.

“நீங்கள் பிறக்கேல்லை. சரி. அந்த ஒரு முழத்துக்குள்ளை நிண்ட பனை ஆற்றை?”

சுஜிதனின் சிரிப்பு நின்றது. அந்த வளவில் கால் வைத்திராதவர், அந்தப் பனையைக் கண்ணாலும் காணாதவர், திடீரென்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “அது எங்கடை பனை!”

“பாத்தியே, தேப்பன்ரை குணம் வெளியிலை வருது!”

“என்ரை அப்பாவைக் கதைக்காதையும்!”

சயந்தினி நடுவில் புகுந்து, பனை எல்லையில்தான் நின்றது, கிழங்கும் நுங்கும் இரண்டு பக்கமும் எடுத்தவை என்று சமாதானம் சொன்னாள். அதற்காக இரண்டு பேரும் அவளோடு கோபித்தார்கள். அவளுடைய அம்மப்பாதான் இரவோடு இரவாக வேலி அரக்கக் கதிகால் தடி வெட்டிக் கொடுத்தவர் என்று சறோஜினிதேவி சொன்னார். இறந்தவரை இழுத்ததும் சயந்தினிக்கும் ஏறிவிட்டது. அவளும் வாயில் வந்ததைச் சொன்னாள். இன்னொரு பக்கம் கிருசாந்தி, “மாத்தறைக்குப் போகப் பயத்திலை என்னைப் பகையெண்டு எழுதிறீங்கள், என்ன? ஒரு இடமாற்றத்துக்கு ஏலாத ஆள் என்னத்துக்கு என்ரை மேசைக்குக் கீழை பேனை தேடினனீங்கள்?” என்று நிரோஜனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வடை அப்படியே கிடந்தது. உறுதிமொழிகள் மட்டும் பிசகில்லாமல் எழுதி முடிந்தன. சமாதான நீதவான் அவற்றை வாசித்து, இவ்வளவு மனப்பூர்வமான உறுதிமொழியைத் தான் கண்டதில்லை என்று சொல்லி ஒப்பமிட்டார்.

இடமாற்றம் ரத்தானது. சயந்தினியின் கதிரை தப்பியது. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சுடுசோறு சாப்பிட்டாள். ஆனால் கிளையில் ஒருவரோடொருவர் ஒரு சொல் கதைப்பதில்லை. தவணைக் காசுக்குச் சாட்டுச் சொல்ல வருகிறவர்கள் முன்பெல்லாம் சயந்தினியோடு ஒரு கதை, சறோஜினிதேவியோடு ஒரு கதை என்று அரை நாள் இருந்துவிட்டுக் காசு கட்டாமல் போவார்கள். இப்போது உள்ளே வந்தால் மரணவீடு போல் கிடக்கும் கிளையைப் பார்த்து, என்னமோ நடந்துவிட்டதென்று பயந்து காசைக் கட்டிவிட்டு ஓடினார்கள். வசூல் ஏறியது. ஏறி, நாட்டிலுள்ள எல்லாக் கிளைகளையும் மிஞ்சியது.

தலைமையகம் மீண்டும் ஆழ்ந்து ஆராய்ந்தது. பிணைப்பைவிடப் பகையே சிறந்த உத்வேகம் என்ற முடிவுக்கு வந்தது. இந்த வழியைக் கண்டுபிடித்த திருமதி சயந்தினியை நாடளாவிய உத்வேக இணைப்பாளராகப் பதவி உயர்த்தி, உடனடியாகக் கொழும்புக்கு அழைத்தது. கிளை கிளையாகப் போய் ஊழியர்களை மனப்பூர்வமாகப் பிரித்துவைப்பது அவருடைய கடமை. இந்தப் பதவியை மறுக்க முடியாது. மறுத்தால் மொனராகலை.

சயந்தினி கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து சுஜிதன் கதிரையையும் இழுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“அழாதையும் பிள்ளை. இனி நீர் இந்தக் கிளை இல்லைத்தானே, உம்மோடை கதைக்கலாம். சட்டத்திலை இடமிருக்கு.”

சறோஜினிதேவியும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து மற்றப் பக்கம் இருந்து, அவளுடைய தலையைத் தடவினார். நிரோஜனும் கிருசாந்தியும் ஆளுக்கொரு மூலையிலிருந்து வந்து நின்றார்கள். எல்லோரும் சயந்தினியோடு கதைத்தார்கள். அவளுக்கும் எவ்வளவு காலத்துக்குப் பிறகு கிளைக்குள் ஒரு மனிதக் குரல் கேட்கிறோம் என்று மனம் இளகிவிட்டது. அழுகைக்கிடையிலும் சிரித்தாள். கொஞ்சநேரம் கழித்துத்தான் அவர்கள் எல்லோரும் தன்னோடு மட்டும் கதைப்பதைக் கவனித்தாள்.

“மச்சாள்,” என்றார் சறோஜினிதேவி, சுஜிதன் பக்கம் திரும்பாமலே. “இந்த மனிசனிட்டை ஒருக்காச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு. நீ போனாப் பிறகு ஆர் சொல்லப்போகினம்?”

சறோஜினிதேவிக்கும் சுஜிதனுக்கும் நடுவில் சயந்தினி மட்டுமே இருந்தாள்.

“பிள்ளை, அவவிட்டைச் சொல்லும்,” என்றார் சுஜிதன். “எனக்கு ஆறின தேத்தண்ணிதான் விருப்பம்.”

சயந்தினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதையும் சொன்னாள்.