ஏரியை மூடிய செடி குறித்து அக்காவுக்கு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தலைநிமிர்ந்து எழுதும் தகுதியை இழந்த தம்பி எழுதிக்கொள்வது. உன் உடம்பும் அத்தான் உடம்பும் தேவலையா? இங்கே ஏரியைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

போன முறை விமானம் ஏறி அந்த நாட்டில் உன் வீட்டுக்கு வந்தபோது, தோட்டத்துத் தொட்டியில் ஊதாப் பூவோடு மிதந்த நீர்ச்செடியில் ஒரு துண்டு கேட்டு உன் பின்னாலேயே சுற்றினேனே, நினைவிருக்கிறதா? "வேணாம்டா, உன் வேலைக்கு இது ஆகாது" என்றாய். வெளிநாட்டுச் செடியும் பூச்சியும் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் துறையில் இருபத்தாறு வருடம் இருப்பவனுக்கு அதை நீ சொல்ல வேண்டியிருந்தது. நீ குளிக்கப் போன நேரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி, ஈரக் கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டேன். இங்கே வந்திறங்கியதும் விமான நிலையத்தில் எங்கள் துறையின் சோதனை மேசையில் என்னிடம் பயிற்சி பெற்ற பெண்தான் இருந்தாள். என் பையைத் திறப்பது மரியாதையில்லை என்று எழுந்து நின்று வணக்கம் சொல்லி அனுப்பினாள். நானும் பெரிய மனுஷனாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மொட்டைமாடித் தொட்டியில் விட்டேன். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, தொட்டி கொள்ளாமல் போனதும் என் மனைவி மிச்சத்தை அள்ளிப் பின்பக்க வாய்க்காலில் கொட்டினாள். வாய்க்கால் ஏரிக்குப் போகிறது, ஏரித் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. இப்போது ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று நம்பிக்கையின் பேரில்தான் சொல்கிறோம். படகுகள் நகரவில்லை, மீன் செத்து மிதக்கக்கூட இடமில்லை. அரசாங்கம் தேசிய அளவில் அவசரக் குழு அமைத்தது. தலைவர் யார் என்கிறாய்? நான்தான். கப்பலின் அடித்தட்டுத் தண்ணீரோடு வந்திருக்கலாம், பறவைக் காலில் ஒட்டி வந்திருக்கலாம் என்று இரண்டு மணி நேரம் பேசினேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள், வரைபடத்தில் செடி பரவிய இடங்களைக் குறித்த சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய் என் வீட்டு வாய்க்காலில் நின்றன. எங்கள் துறை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "என் வீட்டிலேர்ந்துதான் சார்" என்றேன். அவர் ஒரு படிவத்தை நீட்டினார். "எப்படி வந்ததுன்னு எழுதிக் குடுங்க. தெரிஞ்சே கொண்டுவந்திருந்தா உங்க வேலையை என்னால காப்பாத்த முடியாது" என்றார். ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கிறது. இருந்தாலும், பழியை ஆண்பிள்ளையாக நானே சுமப்பது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். காவலுக்கு நிறுத்தியவனே கதவைத் திறந்துவிட்டேன் அக்கா. வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீடூழி வாழட்டும், மாமாவைப் போல் மட்டும் வேண்டாம்.

உன் முகத்தில் விழிக்கத் துணிவில்லாத
தம்பி

பி.கு.: எங்கள் துறையிலிருந்து உனக்குப் போன் வரும். செடியை எனக்குத் தெரியாமல் என் பையில் வைத்தது நீதான் என்று சொல்லிவிடு. படிவத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.